ஒரே கூரை, இரண்டு பாலிசி: சிறிய வீட்டுக்குக் காப்பீடு எடுப்பது எப்படி?

நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரில் பல வீடுகளைத் தெருவிலிருந்து பார்த்தால் அது வீடா, தறிக்கூடமா என்று சட்டென்று சொல்ல முடியாது. முன்னறையில் தறி ஓடும், பின்னறையில் அடுப்பு எரியும். நடுவில் பீரோ, கட்டில், பிள்ளைகளின் புத்தகப் பை. எல்லாம் சேர்த்து முந்நூறு சதுர அடி.

இப்படிப்பட்ட வீட்டுக்குக் காப்பீடு என்று பேச்செடுத்தால் வரும் பதில் இரண்டு. ஒன்று, “இத்துனூண்டு ஊட்டுக்கு இன்சூரன்ஸ் எதுக்குங்க?” மற்றொன்று, “தறி ஓடுற ஊட்டுக்கெல்லாம் தரமாட்டாங்க.” இரண்டுமே தவறு. வீடு சிறியது என்பதற்காகக் கதவடைக்கும் விதி எதுவும் இல்லை. தறி இருந்தாலும் வழி உண்டு. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே என்னென்ன இருக்கின்றன என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். காப்பீட்டில் சொல்லாத தொழில் பொருளுக்குப் பணம் வராது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்வது பற்றித்தான்.

## முதலில்: உங்கள் வீடு எந்த வகை?

அலுவலகத்துக்குப் போகும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

1. செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவர். காங்கிரீட், ஓடு, சிமென்ட் ஷீட் அல்லது தகரக் கூரை. பெரும்பாலான சிறிய வீடுகள் இதில் அடங்கும். அரசுத் திட்ட வீடுகளும் இதில்தான் வரும்: முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடு 300 சதுர அடி, கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி.
2. கீற்று, ஓலை, வைக்கோல், மூங்கில் தட்டி, மரப் பலகை, தார்ப்பாய். சுவரோ கூரையோ இவற்றால் ஆனதென்றால் காப்பீட்டுக் கணக்கில் அது ‘கச்சா’ கட்டடம். பிரீமியம் கூடலாம், நிறுவனம் யோசிக்கவும் செய்யலாம். மறைத்தால் மட்டும் முதலுக்கே மோசம். காங்கிரீட் வீட்டை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.
3. தோட்டத்தில் வைத்த கன்டெய்னர் வீடு, சக்கரம் வைத்த வீடு. வீட்டுப் பாலிசிகள் நிலையான கட்டடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கன்டெய்னரை அடித்தளத்தில் பொருத்தி, மின் இணைப்பும் வரி ரசீதும் இருந்தால் பேச இடமுண்டு. படத்தோடு நிறுவனத்துக்கு எழுதி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். சாலையில் ஓடும் சக்கர வீடு என்றால் அது வாகனம். அதற்கு மோட்டார் காப்பீடுதான்.
4. வாடகை வீடு. கட்டடம் உங்களுடையது அல்ல. உள்ளே இருக்கும் பொருள்களுக்கு மட்டும் நீங்கள் பாலிசி எடுக்கலாம்.

## பெயரை நினைவில் வையுங்கள்

2021 ஏப்ரல் 1 முதல் நாட்டின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. அதே நாளில் சிறு தொழில்களுக்கென்று வந்தது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஓரிடத்தில் உள்ள தொழில் சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இது.

முதலாவது உங்கள் குடும்பத்துக்கு, இரண்டாவது உங்கள் தறிக்கு. “ஏதாவது ஒரு வீட்டுப் பாலிசி கொடுங்க” என்று கேட்காதீர்கள். இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

### வீட்டுப் பாலிசியில் என்ன உண்டு?

தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், சூறைக்காற்று, வெள்ளம், நிலச்சரிவு, மரம் அல்லது வாகனம் வந்து மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து நீர் பாய்வது ஆகியவற்றால் ஏற்படும் சேதம் அடங்கும். நம் பக்கத்துக்கு இந்தப் பட்டியல் நன்றாகவே பொருந்தும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்று ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போகும், தென்னையைச் சாய்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் தாழ்வான தெருக்களிலும் திருமணிமுத்தாற்றங்கரைப் பக்கமும் தண்ணீர் வீட்டுக்குள் வரும். குழித்தறி வைத்திருப்பவர் வீட்டில் முதலில் நிரம்புவது தறிக்குழிதான்.

### என்ன கிடையாது?

- சாதாரணத் திருட்டு. மேலே சொன்ன விபத்து ஒன்றின் காரணமாக, அது நடந்த 7 நாள்களுக்குள் பொருள் திருடு போனால் மட்டுமே பணம் உண்டு. பூட்டை உடைத்துத் திருடினால் கிடையாது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும்.
- பணம், வாகனம்.
- நாள்பட்ட தேய்மானம், ஓதம், கறையான், கசிவு.
- ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்த அதே மின்சாதனம். மோட்டார் சுருள் கருகினால் அந்த மோட்டாருக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவிப் பீரோவும் கட்டிலும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு.
- நிலத்தின் விலை. மண் எரிவதில்லை, அதனால் காப்பீட்டில் அதற்கு இடமில்லை.

## படிப்படியாக

### படி 1: காகிதங்களைச் சேருங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போடுங்கள்:

- பட்டா அல்லது பத்திரத்தின் நகல்
- பேரூராட்சி அல்லது ஊராட்சியின் நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது
- மின் கட்டண ரசீது. வீட்டுக்கு ஒன்று, தறிக்கு ஒன்று என இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டும்
- ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம்
- அரசுத் திட்ட வீடு என்றால் பயனாளி ஆணை

வீடு அப்பா பெயரில், வரி அண்ணன் பெயரில், மின் இணைப்பு தாத்தா பெயரில் என்று இருப்பது நம் ஊரில் வழக்கம். பாலிசி வீட்டின் உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வரி ரசீதில் பெயரை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் பாலிசி, இழப்பீடு கேட்கும் நாளில்தான் தகராறு பண்ணும்.

### படி 2: வீட்டை அளந்து எழுதுங்கள்

டேப் எடுத்து உள்பக்கம் அளக்க வேண்டும். வெளிச்சுவரின் கனம், திண்ணை, மொட்டை மாடி ஆகியவை சேராது. அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவர் சேரும். இதுதான் கார்ப்பெட் பரப்பு.

உதாரணம்: உள்நீளம் 20 அடி, உள்அகலம் 15 அடி. பரப்பு 300 சதுர அடி. படிவம் சதுர மீட்டரில் கேட்டால் 10.76 ஆல் வகுங்கள், ஏறத்தாழ 27.9 சதுர மீட்டர்.

திண்ணை, தனியாகக் கட்டிய கழிப்பறை, சுற்றுச்சுவர், நிலத்தடித் தொட்டி, செப்டிக் டேங்க், மேல்நிலைத் தொட்டி இவற்றைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். வீட்டுக் கட்டடம் என்ற தலைப்பிலேயே இவற்றையும் சேர்க்கலாம்.

### படி 3: காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுங்கள்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வீடு முழுதாகப் போய்விட்டால், இதே அளவில் இன்று மறுபடி கட்ட எவ்வளவு ஆகும்?

1. உள்ளூர்க் கொத்தனார் அல்லது மேஸ்திரி இரண்டு பேரிடம் சதுர அடி விலை கேளுங்கள்.
2. பரப்பால் பெருக்குங்கள்.
3. படி 2-இல் எழுதிய தனிக் கட்டுமானங்களின் செலவைக் கூட்டுங்கள்.

மேஸ்திரி சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால், 300 × 2,200 = 6,60,000. கழிப்பறை, சுற்றுச்சுவர், தொட்டிக்கு 90,000. மொத்தம் 7,50,000 ரூபாய்.

> கவனம்: கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். அது உதவித் தொகை. உங்கள் வீட்டின் மதிப்பு அல்ல. கையிலிருந்து போட்டதையும் சேர்த்து, இன்றைய கட்டுமான விலையில் கணக்கிடுங்கள். வீட்டுப் பாலிசியில் தொகை சற்றுக் குறைவாகப் போட்டதற்காக விகிதாசாரப்படி இழப்பீட்டை வெட்டமாட்டார்கள். ஆனால் போட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது.

### படி 4: வீட்டுப் பொருள்களைப் பட்டியலிடுங்கள்

கட்டடமும் பொருள்களும் சேர்த்து எடுத்தால், பட்டியல் எதுவும் தராமலே கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை பொருள்களுக்குக் காப்பு கிடைக்கும். உச்சவரம்பு 10 லட்சம். நம் உதாரணத்தில் அது 1,50,000 ரூபாய்.

அது போதுமா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., மிக்ஸி, கிரைண்டர், பாத்திரம், துணிமணி. தாண்டினால் பட்டியல் கொடுத்துத் தொகையைக் கூட்டலாம்.

நகைக்குத் தனி விருப்பக் காப்பு உண்டு. மொத்த மதிப்பு 5 லட்சத்துக்குள், எந்த ஒரு நகையும் 1 லட்சத்தைத் தாண்டவில்லை என்றால் மதிப்பீட்டாளர் சான்றிதழ் தேவையில்லை. தங்கம் இன்றிருக்கும் விலையில் ஒரு சின்னச் சங்கிலியே 1 லட்சத்தைத் தாண்டிவிடும். எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

### படி 5: தறியைத் தனியாக எழுதுங்கள்

சிறிய வீட்டுக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். வீட்டுப் பாலிசியில் ‘வீட்டுப் பொருள்’ என்றால் குடும்பத்தின் புழக்கத்துக்கான பொருள். தறி, மோட்டார், பாவு, நூல் கட்டு, நெய்து அடுக்கிய துணி எல்லாம் தொழில் சொத்து. அவற்றுக்குச் சூக்ஷ்ம உத்யம் பாலிசி வேண்டும்.

1. வீட்டுப் பாலிசியின் முன்மொழிவுப் படிவத்திலேயே, “வீட்டின் முன்னறையில் இத்தனை தறி ஓடுகிறது” என்று எழுதுங்கள். ஏஜென்ட் “அதெல்லாம் வேண்டாங்க” என்றாலும் எழுதுங்கள். இதைத் தெரிந்தே பாலிசி தரப்படுகிறது என்பது காகிதத்தில் இருக்க வேண்டும்.
2. தறி, மோட்டார், தார் சுற்றும் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்புப் போடுங்கள்.
3. சரக்குக்குத் தனித் தொகை. தீபாவளிக்கு முன் கையிருப்பு கூடுமென்றால், அந்த உச்ச அளவை வைத்துப் போடுங்கள்.
4. கூலிக்கு நெய்பவரா? பாவும் நூலும் முதலாளியுடையவை. உங்கள் பாலிசியில் அவை தாமாகச் சேர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். “பிறர் பொருள், என் பொறுப்பில் உள்ளது” என்று குறிப்பிட்டுச் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அல்லது முதலாளியின் பாலிசியில் உங்கள் வீட்டு முகவரி உண்டா என்று அவரிடம் கேட்டு வையுங்கள். இரண்டும் இல்லையென்றால் நூல் எரிந்த மறுநாள் அந்தக் கடன் உங்கள் தலையில்.

தொழில் பாலிசியில் தொகையைக் குறைத்துப் போட்டால் அடி விழும். 15 விழுக்காட்டுக்குள் குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் விகிதாசாரம்தான். 4 லட்சம் பெறும் தறிக்கும் சரக்குக்கும் 2 லட்சம் மட்டும் போட்டிருந்து, 1 லட்சம் சேதமானால் கைக்கு வருவது 50,000.

> குறிப்பு: உத்யம் பதிவு இருந்தால் தொழிலுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். அரசு இணையதளத்தில் அது இலவசம். யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

### படி 6: இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்

யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கும் அரசு நிறுவனங்கள். தனியார் நிறுவனங்களும் உண்டு. உங்கள் வங்கிக் கிளையும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பாலிசியை விற்கும். சேலத்திலோ நாமக்கல்லிலோ நேரில் போய்க் கேட்பது நல்லது, குறிப்பாகத் தறி இருந்தால். இணையத்தில் வாங்கும் படிவத்தில் தறிக்குக் கட்டம் இருக்காது.

கேட்க வேண்டியவை:

- ஆயிரம் ரூபாய்க் காப்புக்கு என்ன விலை?
- குறைந்தபட்ச பிரீமியம் எவ்வளவு?
- ஓராண்டுக்கும் பல ஆண்டுக்கும் விலை வித்தியாசம் என்ன?
- வெள்ளமும் நிலநடுக்கமும் உள்ளடங்கியதா? தொழில் பாலிசிக்கும் இதைத் தனியாகக் கேளுங்கள்.

கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் உதாரணம்: விலை ஆயிரத்துக்கு 40 பைசா என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் 7.5 லட்சம், பொருள் 1.5 லட்சம், ஆக 9 லட்சம். பிரீமியம் 360 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 64.80. மொத்தம் 424.80 ரூபாய். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான் ஜி.எஸ்.டி. நீங்கியது; வீட்டுக் காப்பீட்டுக்கு இல்லை.

வீட்டுப் பாலிசியை 10 ஆண்டு வரை ஒரே தவணையில் எடுக்கலாம். ஓராண்டுக்கு மேல் எடுத்தால் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானாகக் கூடும். அதற்குக் கூடுதல் பிரீமியம் இல்லை. 7.5 லட்சம் நான்காண்டு முடிவில் 10.5 லட்சமாக நிற்கும். சிமென்ட், கம்பி விலை ஏறும் வேகத்துக்கு இது நல்ல கைத்தாங்கல். புதுப்பிக்க மறந்துபோகும் ஆபத்தும் இல்லை.

### படி 7: படிவத்தை உங்கள் கையால் நிரப்புங்கள்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூரை வகை, கீற்றுக் கொட்டகை, தறி, வீட்டில் உள்ள சிலிண்டர், ஏரி அல்லது ஓடைக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்டதையெல்லாம் உண்மையாக எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை யு.பி.ஐ. அல்லது காசோலை மூலம் நிறுவனத்தின் பெயருக்கே கட்டுங்கள்.

### படி 8: பாலிசி வந்த அன்றே சரிபாருங்கள்

முதல் பக்கத்தில் பாருங்கள்: பெயர், கதவு எண், தெரு, பரப்பு, கூரை வகை, கட்டடத் தொகை, பொருள் தொகை, தறி இருப்பது பற்றிய குறிப்பு, தொடக்க நாள். ஒன்று தவறினாலும் அன்றே மின்னஞ்சலில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கூடவே வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைப் படியுங்கள்; சாரம் அதில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பப் பெறலாம்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

வங்கி எடுத்துவிட்டது என்று விட்டுவிடுவது. வீட்டுக் கடனோடு வரும் பாலிசி சில சமயம் கடன் தொகை அளவுக்கு மட்டுமே இருக்கும். சில சமயம் அது வீட்டுக் காப்பீடே அல்ல. கடன் வாங்கியவரின் ஆயுள் காப்பீடு. வங்கியில் நகல் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

“சங்கத்துல இன்சூரன்ஸ் போட்டிருக்கேன்” என்பது. ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி பீமா ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு. இரண்டும் ஆளுக்கு, வீட்டுக்கோ தறிக்கோ அல்ல.

அறை சேர்த்துவிட்டுச் சொல்லாதிருப்பது. பாலிசி எடுத்த பிறகு பரப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால், தகவல் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். 300 சதுர அடி வீட்டில் 10 விழுக்காடு என்பது 30 சதுர அடி. 5 அடிக்கு 6 அடியில் ஒரு குளியலறை கட்டினாலே எல்லைக்கு வந்துவிடும். பெரிய வீட்டுக்காரரைவிடச் சிறிய வீட்டுக்காரருக்குத்தான் இந்த விதி சீக்கிரம் இடிக்கும்.

பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போவது. ஒரு மாதத்துக்கு மேல் வீடு பூட்டியிருக்கும் என்றால், போகும் முன் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். வாடகைக்கு விட்டாலும் அப்படியே.

## பாதுகாப்பு: பாலிசிக்கு முன் வீட்டைச் சரிசெய்யுங்கள்

1. தறிக்கும் வீட்டுக்கும் தனி வயரிங், தனித் தனி எம்.சி.பி. வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது உயிர் காக்கும்.
2. பஞ்சுத் தூசியை மோட்டார், சுவிட்ச் போர்டு மேலிருந்து வாரம் ஒருமுறை துடையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த துணியால் மட்டும்.
3. நூல் மூட்டையை அடுப்பிலிருந்தும் பூஜை விளக்கிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஒரே அறை என்றால் நடுவில் செங்கல் தடுப்பாவது வேண்டும். துணித் திரை தடுப்பாகாது.
4. சிலிண்டருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் போடுங்கள். கசிவு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். அவசர எண் 1906.
5. கூரைக்கு மேல் சாயும் தென்னை, முருங்கைக் கிளைகளைப் பங்குனிக்குள் வெட்டுங்கள். ஷீட்டின் ஜே-போல்ட்டுகளை முடுக்குங்கள்.
6. தறிக்குழியைச் சுற்றி அரை அடி வரப்புக் கட்டுங்கள். நூலைத் தரையில் வைக்காமல் பரண் அல்லது பலகை மேல் வையுங்கள்.
7. கதவுப் பக்கம் தீயணைப்பு உருளை ஒன்று. தறி வாசலை மறைக்கிறதென்றால் தறியின் இடத்தை மாற்றுங்கள். தீ பிடித்தால் வெளியேற ஒரு வழியாவது மறிப்பின்றி இருக்க வேண்டும்.

> பலர் அறியாத காப்பு: வீட்டு எரிவாயு இணைப்பு உள்ளவர்களுக்காக எண்ணெய் நிறுவனங்களே விபத்துக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. சிலிண்டர் விபத்தில் பதிவு செய்த முகவரியில் ஏற்படும் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரையும், உயிரிழப்புக்கு ஆளொருவருக்கு 6 லட்சமும் உண்டு. தனியாகப் பணம் கட்ட வேண்டாம். விபத்து நடந்தால் கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

## சேதம் ஏற்பட்டால்

1. முதலில் உயிர். எல்லோரும் வெளியே. தீ என்றால் 101 அல்லது 112. மெயின் சுவிட்ச் எட்டினால் மட்டும் அணையுங்கள். தண்ணீரில் நின்றபடி தொடவே வேண்டாம்.
2. படம் எடுங்கள். அப்புறப்படுத்தும் முன் ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு பொருளும், தெருவிலிருந்து வீட்டின் முகப்பும்.
3. அன்றே தகவல். நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசி, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்னஞ்சலும் அனுப்புங்கள்.
4. மேலும் கெடாமல் பாருங்கள். பறந்த கூரைக்குத் தார்ப்பாய் போடுங்கள், நனைந்த பொருளை உலர்த்துங்கள். ரசீதுகளை வையுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை எரிந்த பொருளைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.
5. சான்றுகள். தீ என்றால் தீயணைப்பு நிலைய அறிக்கை, பெரிய சேதம் அல்லது சதி என்றால் காவல் நிலையப் புகார், காற்று மழை என்றால் கிராம நிர்வாக அலுவலரின் சான்று. அரசின் பேரிடர் நிவாரணத்துக்கும் அப்போதே மனுக் கொடுங்கள். அது வேறு, காப்பீடு வேறு.
6. படிவம். சேதத்தைக் கண்ட 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.
7. சர்வேயர். 2024-ஆம் ஆண்டு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். நாள்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.
8. சர்வேயரோடு நீங்களும் நடங்கள். படி 4, 5-இல் தயாரித்த பட்டியலின் நகலைக் கையில் கொடுங்கள். வீட்டுச் சேதத்தையும் தறிச் சேதத்தையும் பிரித்துக் காட்டுங்கள். இரண்டு பாலிசிக்கும் இரண்டு கோரிக்கை.

இடிபாடு அகற்றும் செலவாக இழப்பீட்டில் 2 விழுக்காடு வரையும், பொறியாளர் கட்டணமாக 5 விழுக்காடு வரையும் வீட்டுப் பாலிசியிலேயே உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

## மறுத்தால் அல்லது இழுத்தடித்தால்

1. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். மறுப்புக்கான காரணத்தை, பாலிசியின் எந்த விதிப்படி என்பதோடு, எழுத்தில் கேளுங்கள்.
2. பதில் திருப்தியில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளம் அல்லது 155255 என்ற எண்.
3. ஒரு மாதத்தில் தீர்வில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாடு முழுவதும் அவர் வரம்பில் வரும். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும்.
4. அல்லது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கால வரம்பு 2 ஆண்டு.

## இந்த வாரம் செய்ய வேண்டியவை

- [ ] உள்பக்கம் அளந்து பரப்பை எழுதினேன்
- [ ] இரண்டு மேஸ்திரிகளிடம் சதுர அடி விலை கேட்டேன்
- [ ] வீட்டுப் பொருள், தொழில் பொருள், முதலாளி பொருள் என மூன்று பட்டியல் போட்டேன்
- [ ] ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வெளியூரில் உள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பினேன்
- [ ] பட்டா, வரி ரசீது, மின் இணைப்பில் பெயர் ஒன்றா என்று பார்த்தேன்
- [ ] கிருஹ ரக்ஷா, சூக்ஷ்ம உத்யம் இரண்டுக்கும் இரண்டு நிறுவனங்களில் விலை கேட்டேன்
- [ ] கோடை மழைக்கு முன் பாலிசி தொடங்கும்படி நாள் குறித்தேன்

கடைசி வரியைத் தள்ளிப்போடாதீர்கள். பாலிசியில் போட்டிருக்கும் தொடக்க நாளுக்கு முந்தைய சேதத்துக்கு எந்த நிறுவனமும் பணம் தராது.